காற்றடைக்கும் லைஃப் ஜாக்கெட்டைச் சோதிப்பதும் பராமரிப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுரை வைத்துத் தைத்த லைஃப் ஜாக்கெட் கெட்டுப்போனால் கண்ணுக்குத் தெரியும். துணி கிழிந்திருக்கும், உள்ளே நுரை நொறுங்கியிருக்கும். காற்றடைக்கும் வகை அப்படியில்லை. உள்ளே சிலிண்டர் கழன்று கிடந்தாலும் வெளியிலிருந்து பார்த்தால் கடையில் வாங்கிய அன்று இருந்த மாதிரியே இருக்கும். அதனால் இங்கே பெரும்பாலான பதில்கள் "திறந்து பாருங்கள்" என்றுதான் தொடங்கும். பொதுவான முறைகளைச் சொல்லியிருக்கிறோம். உங்கள் ஜாக்கெட்டின் கையேடு வேறு மாதிரி சொன்னால் கையேட்டின்படியே செய்யுங்கள்.

உறைக்குள் என்னதான் இருக்கிறது?

மடித்து வைத்த ஒரு காற்றுப்பை, ஒரு சிறிய கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டர், அந்த சிலிண்டரின் வாயைத் துளைக்கும் ஒரு பொறி, வாயால் ஊதுவதற்கு ஒரு குழாய். இவ்வளவுதான். இழுகயிற்றை இழுத்தாலோ, தானியங்கி வகையாக இருந்து தண்ணீர் பட்டாலோ, பொறியிலுள்ள ஊசி சிலிண்டரின் மூடியைக் குத்தும். உள்ளே திரவமாக இருந்த கார்பன் டை ஆக்ஸைடு வாயுவாகிச் சில நொடிகளில் பையை நிரப்பும்.

ஜாக்கெட்டின் மிதக்க வைக்கும் விசையை நியூட்டனில் சொல்வார்கள். பெரியவர்களுக்கான 150 நியூட்டன் ஜாக்கெட்டில் பெரும்பாலும் 33 கிராம் வாயு கொண்ட சிலிண்டர் இருக்கும். அந்த 33 கிராம் விரிந்தால் ஏறத்தாழ 18 லிட்டர். சுமார் 15 கிலோ எடையைத் தண்ணீரில் தூக்கிப் பிடிக்க அது போதும். கனமான உடையும் கருவிகளும் அணிந்து வேலை செய்பவர்களுக்கு 275 நியூட்டன் வகை உண்டு. அதில் வழக்கமாக 60 கிராம் சிலிண்டர். இந்த நியூட்டன் வகைகளை வரையறுப்பது ஐஎஸ்ஓ 12402 என்ற தரநிலை. எண் ஜாக்கெட்டின் உட்புற லேபிளில் அச்சிட்டிருக்கும்.

பொறியில் பச்சைக் குறி தெரிகிறது. அது போதாதா?

போதாது. பச்சைக் குறி எதைச் சொல்கிறது என்பது பொறிக்குப் பொறி மாறும். பல வகைகளில் "இந்தப் பொறி இன்னும் இயங்கவில்லை" என்பதை மட்டுமே அது சொல்லும். சிலிண்டர் இறுக்கமாக இருக்கிறதா, அதில் வாயு இருக்கிறதா, பையில் ஓட்டை இருக்கிறதா என்றெல்லாம் அதற்குத் தெரியாது. சில புதிய பொறிகளில் சிலிண்டர் சரியாகப் பூட்டியிருந்தால்தான் பச்சை வரும். அவை நல்ல முன்னேற்றம்தான், ஆனாலும் பையின் நிலையைப் பற்றி அவையும் பேசுவதில்லை.

பச்சை இல்லாவிட்டால் அணியாதீர்கள். பச்சை இருந்தால் மற்றதையும் பாருங்கள்.

எவ்வளவு நாளைக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும்?

அணியும் ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடச் சோதனை: குறி பச்சையா, சிலிண்டர் இறுக்கமா, இழுகயிறு வெளியே கைக்கு எட்டும்படி தொங்குகிறதா, பக்கிள் பூட்டுகிறதா. அடிக்கடி பயன்படுத்துபவர்கள் சில வாரங்களுக்கு ஒருமுறை உறையைத் திறந்து உள்ளே பார்ப்பது நல்லது. வருடத்துக்கு ஒருமுறையாவது காற்றடைத்து வைத்து முழுச் சோதனை செய்ய வேண்டும். இதற்கு மேல் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் நிலையத்துக்கு எப்போது அனுப்புவது என்பதைக் கையேடு சொல்லும். சிலர் வருடா வருடம் என்பார்கள், சிலர் இரண்டு வருடம் என்பார்கள்.

திறந்தால் திரும்ப மடிக்க வராதோ என்று பயமாக இருக்கிறது.

வாங்கிய நாளிலிருந்து உறையைத் திறக்காதவர்கள் பெரும்பாலும் இந்தப் பயத்தால்தான் திறப்பதில்லை. உறையை மெல்ல விரித்துக்கொண்டே, ஒவ்வொரு மடிப்புக்கும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பப் போகும்போது அந்தப் படங்களைப் பின்னாலிருந்து முன்னால் பார்த்தால் போதும். முதல் முறை அரை மணி நேரம்கூட ஆகலாம், அதனால் என்ன.

உறை ஜிப் வகையாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. இது சாதாரண ஜிப் இல்லை, பை ஊதும்போது தானே பிளந்துகொள்ளும்படி செய்தது. அதன் ஓடி (பிடித்து இழுக்கும் துண்டு) எங்கிருந்து தொடங்கி எங்கே போய் நிற்க வேண்டும் என்பதற்கு ஒரு முறை இருக்கிறது. தவறான இடத்தில் நிறுத்தினால் பிளக்காமல் போகலாம். திறக்கும் முன்பே ஓடி எங்கே நிற்கிறது என்று பார்த்து வையுங்கள்.

சிலிண்டரில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் இறுக்கம். படகின் அதிர்விலும், அணிந்து கழற்றும் அசைவிலும் சிலிண்டர் தன் மரையிலிருந்து மெதுவாகத் திருகிக் கழன்று வரும். அரைச் சுற்றுக் கழன்றாலே ஊசி மூடியை எட்டாமல் போகலாம், அல்லது துளைத்த வாயு பைக்குள் போகாமல் பக்கவாட்டில் வெளியேறலாம். சோதனைகளில் திரும்பத் திரும்ப அகப்படும் கோளாறு இதுதான். சரிசெய்ய ஆகும் நேரம் ஐந்து நொடி. கையால் கடிகார திசையில் இறுக்குங்கள். ஸ்பேனரோ பிளையரோ வேண்டாம், மரையும் வாஷரும் கெட்டுவிடும்.

அப்புறம் சிலிண்டரை முழுவதும் கழற்றி அதன் மூடியைப் பாருங்கள். மூடி வழுவழுப்பாக, துளையில்லாமல் இருக்க வேண்டும். நடுவில் ஊசித் துளை இருந்தால் அது காலி சிலிண்டர். யாரோ ஒருமுறை பயன்படுத்திவிட்டு மாற்றாமல் திரும்பத் திருகி வைத்திருக்கிறார்கள். வாடகைக்குக் கொடுக்கும் ஜாக்கெட்டுகளிலும் பழையதாக வாங்கியவற்றிலும் இதைக் கட்டாயம் பாருங்கள். மூடியில் லேசான தழும்பு இருந்தாலும் அந்தச் சிலிண்டரை நம்ப வேண்டாம்.

மூன்றாவது எடை. சிலிண்டரின் உடலில் வாயுவோடு சேர்த்து இருக்க வேண்டிய மொத்த எடை பொறித்திருக்கும். இங்கே பலர் குழம்புகிறார்கள்: 33 கிராம் என்பது உள்ளிருக்கும் வாயுவின் எடை மட்டும், இரும்போடு சேர்த்தால் நூறு கிராமுக்கு மேல் போகும். ஒரு கிராமாவது துல்லியம் காட்டும் டிஜிட்டல் தராசில் வைத்து, பொறித்த எண்ணோடு ஒப்பிடுங்கள். பொதுவாக 2 கிராமுக்கு மேல் குறைந்தால் மாற்றிவிட வேண்டும். மூடி துளைபடாமலே வருடக்கணக்கில் மெதுவாகக் கசியும் சிலிண்டரும் உண்டு, அதைத் தராசு மட்டும்தான் காட்டிக்கொடுக்கும்.

கடைசியாகத் துரு. லேசான புள்ளிகள்தானே என்று விடாதீர்கள். துருப்பிடித்த மேற்பரப்பு உப்புத்தாள் போல மடிப்புக்குள் காற்றுப்பையை உரசிக்கொண்டே இருக்கும். சிலிண்டரின் ஆயுளைவிடப் பைக்குத்தான் அதனால் ஆபத்து அதிகம். துருப்பிடித்ததை மாற்றுங்கள், அது உரசிய இடத்தில் பையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

என் ஜாக்கெட்டில் சிலிண்டரே வெளியில் தெரியவில்லையே?

அது ஹைட்ரோஸ்டாட்டிக் வகையாக இருக்கும். ஹாம்மர் என்ற பெயரோடு, மஞ்சள் நிற வட்ட மூடி தெரியும். இதில் சிலிண்டர் காற்றுப்பைக்கு உள்ளேயே இருக்கிறது. மழையோ அலைச்சாரலோ இதை இயக்காது. சுமார் 10 செ.மீ. ஆழத்தின் நீரழுத்தம் வேண்டும். சிலிண்டரைப் பையின் துணிக்கு மேலாகக் கையால் பிடித்து ஆட்டிப் பார்த்து, இறுக்கமாக இருக்கிறதா என்று உணர வேண்டும். குறி பச்சையா, மூடியில் அச்சிட்ட மாற்றும் தேதி தாண்டவில்லையா என்பதைப் பாருங்கள். அதற்கு மேல் இதைக் கழற்றிக் கோர்ப்பது சாதாரணத் திருகு வேலை இல்லை, தனிச் சாவி வேண்டும். பழக்கமில்லாதவர்கள் சர்வீஸ் நிலையத்துக்கு அனுப்புவதே மேல்.

காலாவதித் தேதி எங்கே இருக்கும்?

தானியங்கிப் பொறியில் தண்ணீர் பட்டால் கரையும் சிறு பொருள் ஒன்று இருக்கும். சில வகைகளில் அது ஒரு கேப்சூல், சிலவற்றில் நூல் உருளை போன்ற ஒரு பாபின். அழுத்தி வைத்த ஸ்பிரிங்கை அதுதான் தடுத்துப் பிடித்திருக்கிறது. காற்றின் ஈரத்திலேயே அது வருடங்கள் போகப் போகப் பலவீனமாகும். அதனால் அதற்கு ஆயுள் உண்டு. பெரும்பாலும் 3 வருடம்.

தேதியைப் படிக்கும்போது கவனம் தேவை. சில கேப்சூல்களில் காலாவதி மாதம் அச்சிட்டிருக்கும். சில பாபின்களில் தயாரித்த தேதிதான் இருக்கும். முன்னதைப் பின்னதாக நினைத்தால் மூன்று வருடம் பிசகிவிடும். ஹைட்ரோஸ்டாட்டிக் தலைப்பகுதிக்கு வழக்கமாக 5 வருடம். விளக்கு இருந்தால் அதற்குத் தனித் தேதி. எல்லாத் தேதிகளையும் ஒரு சிறிய அட்டையில் எழுதி உறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். காற்றுப்பையின் மேல் மார்க்கரால் எழுத வேண்டாம், மையிலுள்ள கரைப்பான் பூச்சைத் தின்னக்கூடும்.

காற்றுப்பை கசிகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஊதி விட்டுவிட்டுக் காத்திருப்பதுதான் வழி. முதலில் சிலிண்டரைக் கழற்றி வைத்துவிடுங்கள். ஊதுகுழாய் வழியாக, பை விறைப்பாகும் வரை காற்றடையுங்கள். கூர்மையான எதுவும் படாத இடத்தில், அறை வெப்பநிலையில் 24 மணி நேரம் விடுங்கள். சில தயாரிப்பாளர்கள் 16 மணி நேரம் போதும் என்கிறார்கள். மறுநாளும் அதே விறைப்பு இருந்தால் பை நன்றாக இருக்கிறது.

தொய்ந்திருந்தால் எங்கே என்று தேட வேண்டும். ஊதுகுழாயின் வால்வு, பொறி பையோடு சேரும் இடம், ஒட்டிய ஓரங்கள், மடிப்புக் கோடுகள், இந்த நான்கு இடங்களில்தான் பெரும்பாலும் கசியும். மிதமான சோப்பு நீரை அங்கே தடவினால் குமிழி வரும். முழுவதையும் தொட்டித் தண்ணீரில் அமுக்கிப் பார்க்க விரும்பினால் சிலிண்டரோடு கேப்சூலையும் முதலில் கழற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் அது வீணாகிவிடும். ஹைட்ரோஸ்டாட்டிக் வகையை அமுக்கவே வேண்டாம். வால்வில்தான் கசிவு என்றால், அதன் வாயில் ஒட்டிய மணல் துகளாகவோ நூல் இழையாகவோ இருக்கலாம். நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்தபின் மீண்டும் ஒரு நாள் காத்திருந்து பாருங்கள்.

சிலிண்டர் வாயுவால் ஊதி இந்தச் சோதனையைச் செய்ய முடியாது. கார்பன் டை ஆக்ஸைடு, காற்றைவிட வேகமாகப் பையின் பூச்சு வழியாகவே ஊடுருவி வெளியேறும். நல்ல பைகூடச் சில நாளில் தளர்ந்துவிடும். அதைப் பார்த்துப் பையில் ஓட்டை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

வாயால் ஊதலாமா?

கடலில் தேவைப்பட்டால் ஊதித்தான் ஆக வேண்டும். வீட்டுச் சோதனைக்கு அது நல்லதல்ல. மூச்சுக் காற்றின் ஈரம் உள்ளே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். சைக்கிள் கைப்பம்போ, காற்று மெத்தைக்கான பம்போ, குழாய்க்குப் பொருந்தும் முனையோடு பயன்படுத்துங்கள். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் பக்கம் கொண்டுபோகவே கூடாது. பையின் ஒட்டு பிரிந்துவிடும்.

இரவில் விறைப்பாக இருந்தது, காலையில் கொஞ்சம் தொய்வு. கசிவா?

இரவு குளிர்ந்திருந்தால் உள்ளிருக்கும் காற்றும் சுருங்கியிருக்கும். வெப்பநிலை பழையபடி ஏறியதும் விறைப்பு திரும்பினால் கசிவில்லை. திரும்பாவிட்டால் சோப்பு நீரை எடுங்கள்.

எப்படிக் காற்றை வெளியேற்றுவது?

ஊதுகுழாயின் மூடியைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பி வால்வுக்குள் அழுத்திப் பிடித்தால் காற்று வெளியேறும். பென்சில், திருப்புளி போன்றவற்றைச் செருகினால் வால்வின் அமர்வு கெட்டுவிடும். தட்டையான இடத்தில் வைத்துக் குழாயை நோக்கி மெல்லச் சுருட்டுங்கள். துணி பிழிவது போல் முறுக்காதீர்கள். மூடியை மறுபடி நேராக மாட்ட மறக்க வேண்டாம். தலைகீழாகவே விட்டால் வால்வு திறந்தே இருக்கும். அடுத்த முறை ஊதும் வாயு அப்படியே வெளியே போய்விடும்.

சின்ன ஓட்டைதான். பேட்ச் ஒட்டலாமா?

கூடாது. ஒட்டிய இடம் சிலிண்டர் வாயு ஒரே நொடியில் பாயும் வேகத்தைத் தாங்குமா என்று வீட்டில் சோதிக்க வழியில்லை. ஜாக்கெட்டை மாற்றுங்கள்.

பட்டை, பக்கிள், தையல் இவற்றில் என்ன பார்க்க வேண்டும்?

பட்டையின் நிறம் வெளுத்து, தொட்டால் சொரசொரப்பாக இருந்தால் வெயில் அதைத் தின்றிருக்கிறது என்று அர்த்தம். தையலில் நூல் எங்காவது அறுந்து நிற்கிறதா, பக்கிளில் விரிசலா, உப்புப் படிந்து இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். படகோடு கட்டிக்கொள்ளும் வளையம் உள்ள ஜாக்கெட்டாக இருந்தால் அந்த வளையத்தைச் சுற்றியுள்ள தையலைத் தனியாகக் கவனியுங்கள். விழும்போது உடல் எடை முழுவதும் அங்கேதான் வந்து நிற்கும்.

கால்களுக்கு இடையே போகும் பட்டையைப் பலர் தொந்தரவு என்று கழற்றி எறிகிறார்கள். தண்ணீரில் ஜாக்கெட் மேலே போகப் பார்க்கும், உடல் கீழே போகப் பார்க்கும். அந்தப் பட்டை இல்லாவிட்டால் பை காதுக்கு மேல் ஏறி, வாய் தண்ணீர் மட்டத்துக்கு வந்துவிடும். பட்டை இல்லாமல் நன்றாக ஊதிய ஜாக்கெட்டைவிட, பட்டையோடு பாதி ஊதியதே மேல் என்றுகூட சில நேரம் தோன்றும். இடுப்புப் பட்டைக்கும் மார்புக்கும் இடையே ஒரு கைமுட்டி நுழையும் அளவுக்கு மேல் தளர்வு வேண்டாம்.

விளக்கும் விசிலும்?

விசிலை ஊதிப் பாருங்கள். விளக்கு பெரும்பாலும் தண்ணீர் பட்டால் தானே எரியும். அதன் உணர்முனைகளை ஈர விரலால் தொட்டுச் சோதிக்கலாம் என்று கையேடு சொன்னால் மட்டும் சோதியுங்கள். சில விளக்குகள் ஒருமுறை எரியத் தொடங்கினால் பேட்டரி தீரும் வரை நிற்காது. பை ஊதிய நிலையில் விளக்கு மேல்பக்கம் நிற்கிறதா என்பதையும் அந்த 24 மணி நேரச் சோதனையின்போதே பார்த்துவிடலாம். மடிப்புக்குள் சிக்கி நிற்கும் விளக்கு யாருக்கும் தெரியாது.

உப்பு நீர் பட்டால் கழுவ வேண்டுமா?

கட்டாயம். உப்புப் படிகம் காய்ந்தால் துணி இழைகளை அறுக்கும், உலோகத்தை அரிக்கும். சாரல் மட்டும் பட்டிருந்தால் ஈரத் துணியால் துடைத்தால் போதும். நன்றாகக் கழுவ வேண்டுமானால் முதலில் சிலிண்டர், பிறகு கேப்சூல் என்ற வரிசையில் கழற்றிவிட்டு, மிதமான சோப்பும் நல்ல தண்ணீரும் பயன்படுத்துங்கள். வாஷிங் மெஷின், ப்ளீச்சிங், பெட்ரோல், தின்னர், இஸ்திரி எதுவும் கூடாது. நிழலில் உலர்த்துங்கள். உறை காய்ந்தும் உள்மடிப்பில் ஈரம் இருக்கும், பொறுமை வேண்டும். பொறியின் உட்பகுதி முழுதாகக் காயாமல் புதிய கேப்சூலைப் போட்டால் அது அப்போதே கரையத் தொடங்கிவிடும்.

அலமாரியில் இருந்த ஜாக்கெட் ராத்திரி தானாக ஊதிவிட்டது!

ஈரம்தான் காரணம். பழைய கேப்சூல், புழுக்கமான மூடிய பெட்டி, ஈரத்தோடு எடுத்து வைத்தது, இவற்றில் ஏதோ ஒன்று. உடையவில்லையே என்று சந்தோஷப்படுங்கள், பொறி நன்றாக வேலை செய்கிறது என்பதற்குச் சான்று கிடைத்திருக்கிறது. இது அடிக்கடி நடந்தால், மேல்தளத்தில் எப்போதும் நனையும் வேலை என்றால், ஹைட்ரோஸ்டாட்டிக் வகைக்கு மாறலாம். கேப்சூலையே எடுத்துவிட்டுத் தானியங்கி ஜாக்கெட்டை அணிவதுதான் மோசமான தீர்வு.

ஊதிய பிறகு மறுபடி எப்படித் தயார் செய்வது?

உங்கள் ஜாக்கெட்டுக்கான ரீஆர்மிங் கிட்டை வாங்குங்கள். அதில் புதிய சிலிண்டர், புதிய கேப்சூல் அல்லது பாபின், இழுகயிற்று நெம்புகோலைப் பிடிக்கும் சிறிய பச்சைக் கிளிப் ஆகியவை இருக்கும்.

வரிசை மிக முக்கியம். பையிலுள்ள வாயுவை வெளியேற்றி, எல்லாவற்றையும் உலர்த்தி, காலி சிலிண்டரைக் கழற்றுங்கள். பழைய கேப்சூலை எடுத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். நெம்புகோலைப் பழைய இடத்துக்குத் தள்ளிப் பச்சைக் கிளிப்பை மாட்டுங்கள். சிலிண்டர் எப்போதும் கடைசி. நெம்புகோல் இறங்கிய நிலையிலோ, பாபின் இல்லாமல் ஸ்பிரிங் தளர்ந்த நிலையிலோ ஊசி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதில் சிலிண்டரைத் திருகினால் திருகும்போதே துளைத்து, கையிலேயே வாயு பீறிடும். காசும் போகும், குளிர்ந்த வாயு விரலையும் சுடும்.

கழற்றும்போது இதற்கு நேர்மாறு: சிலிண்டர் முதலில், கேப்சூல் அப்புறம்.

எந்த சிலிண்டரும் பொருந்துமா?

மரை ஒன்றாக இருந்தாலே திருகிவிடலாம், அதனால்தான் ஆபத்து. 60 கிராம் கேட்கும் பைக்கு 33 கிராம் போட்டால் பாதிதான் ஊதும். 33 கிராம் பைக்கு 60 கிராம் போட்டால் பை வெடிக்கலாம். கழுத்தின் நீளம் சற்றே குறைந்தாலும் ஊசி மூடியைத் தொடாது. லேபிளில் எழுதிய கிராமும் கிட் எண்ணும்தான் கணக்கு. பைக்குள் வாயால் ஏற்கெனவே பாதி ஊதி வைத்துவிட்டு இழுகயிற்றை இழுப்பதும் இதே காரணத்தால் கூடாது.

மடிக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

துளிக் காற்றும் மிஞ்சக் கூடாது. ஊதுகுழாய் மடங்கக் கூடாது. பை முறுக்கிக்கொள்ளக் கூடாது. எல்லாம் முடிந்தபின் இழுகயிறு உறைக்கு வெளியே இருக்கிறதா என்று இன்னொரு முறை பாருங்கள். அவசரமாக மடிக்கும்போது அதுதான் உள்ளே போய்விடும், அப்புறம் ஆபத்து நேரத்தில் துழாவ வேண்டியிருக்கும். வெளியே அதிகம் தொங்கினாலும் எதிலாவது மாட்டி இழுபடும், ஆகவே கைப்பிடி மட்டும் தெரிந்தால் போதும்.

காலாவதியான கிட்டைத் தூக்கிப் போடலாமா?

தூக்கிப் போடும் முன் ஒரு வேலைக்குப் பயன்படுத்துங்கள். ஜாக்கெட்டை அணிந்துகொண்டு, யாராவது பக்கத்தில் இருக்க, ஆழமில்லாத நீரில் இறங்கி இயக்கிப் பாருங்கள். திடீரென்று கழுத்தைச் சுற்றி ஊதும் சத்தமும் இறுக்கமும் பழக்கமில்லாதவரைத் திகைக்க வைக்கும். ஊதுகுழாய் எந்தப் பக்கம், விசில் எங்கே என்று தண்ணீரில் மல்லாந்து கிடந்தபடி கையால் தேடிப் பழகலாம். எந்தப் பயிற்சி வகுப்பையும்விட இது மனதில் நிற்கும் என்பது என் எண்ணம். முடிந்ததும் கழுவி, உலர்த்தி, புதிய கிட் போடுங்கள்.

தண்ணீரில் விழுந்தும் ஊதவில்லை என்றால்?

எண்ணிக்கொண்டு காத்திருக்காதீர்கள். இழுகயிற்றைக் கீழ்நோக்கி வெடுக்கென்று இழுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் ஊதுகுழாய். கடும் குளிரில் வாயு மெதுவாகத்தான் விரியும், பை முழு விறைப்புக்கு வராமலும் போகலாம். அப்போதும் மிச்சத்தை வாயால் ஊதி நிரப்பலாம்.

மேலே மழைக்கோட்டு போட்டுக்கொள்ளலாமா?

வேண்டாம். ஊதும் பை கோட்டுக்குள் சிக்கினால் மார்பையும் கழுத்தையும் நெரிக்கும். ஜாக்கெட் எப்போதும் எல்லாவற்றுக்கும் மேலே.

தானியங்கி வகைதான் எப்போதும் சிறந்ததா?

மயங்கி விழுபவர் இழுகயிற்றை இழுக்க முடியாது, அதனால் பெரும்பாலானவர்களுக்கு ஆம். ஆனால் மூடிய அறைக்குள் இருக்கும்போது படகு கவிழ்ந்தால் ஊதிய ஜாக்கெட் உங்களைக் கூரையோடு அழுத்தி வைக்கும். விமானங்களில் கையால் இழுக்கும் வகையே இருப்பதும், வெளியேறிய பிறகுதான் ஊத வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்வதும் இதனால்தான். 1996-இல் கொமரோஸ் அருகே கடத்தப்பட்ட எத்தியோப்பிய விமானம் கடலில் விழுந்தபோது, உள்ளேயே ஊதிக்கொண்டவர்களில் பலர் வெளியேற முடியாமல் இறந்தார்கள்.

நீச்சல் தெரியாதவர்களுக்கும் சிறுவர்களுக்கும் நுரை வகையே பொருத்தம். அமெரிக்கக் கடலோரக் காவல்படை அங்கீகரிக்கும் காற்றடைக்கும் ஜாக்கெட்டுகள் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அல்ல.

எங்கே வைப்பது?

காற்றோட்டமுள்ள, உலர்ந்த, வெயில் படாத இடத்தில், அகலமான ஹேங்கரில். மூடிய வண்டியின் வெக்கைக்குள் விட்டுவிடாதீர்கள். மேலே சாமான் அடுக்குவதும், உட்கார மெத்தையாகப் பயன்படுத்துவதும் மடிப்புகளில் பையை வெட்டும்.

ஒரு ஜாக்கெட் எத்தனை வருடம் வரும்?

பல தயாரிப்பாளர்கள் 10 வருடம் என்று எல்லை வைக்கிறார்கள். தினமும் வெயிலில் அணியும் ஜாக்கெட் அதற்கு முன்பே தீர்ந்துவிடும். 24 மணி நேரச் சோதனையில் தோற்றால் வயதைப் பார்க்க வேண்டியதே இல்லை.

கப்பலில் வேலை செய்கிறேன். நானே சோதித்தால் போதுமா?

போதாது. சோலாஸ் (கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கை) விதிகளின்படி கப்பலில் வைத்திருக்கும் காற்றடைக்கும் லைஃப் ஜாக்கெட்டுகளை 12 மாதத்துக்கு மிகாமல் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் நிலையத்தில் பார்க்க வேண்டும். நடைமுறையில் முடியாத நிலையில் அந்தக் கப்பலின் கொடி நாட்டு (கப்பல் பதிவான நாட்டின்) நிர்வாகம் 17 மாதம் வரை நீட்டிக்கலாம். சோலாஸ் வகையில் குறைந்தது இரண்டு தனித்தனிக் காற்றறைகள் இருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஊதிப் பார்க்க வேண்டும், ஒன்று விறைப்பாக இருப்பது மற்றதன் கசிவை மறைத்துவிடும். சர்வீஸ் இருந்தாலும் அணியும் முன் சிலிண்டரைக் கையால் திருகிப் பார்க்கும் வேலை உங்களுடையதுதான்.

விமானத்தில் கொண்டு போகலாமா?

சர்வதேச விமானப் போக்குவரத்து விதிகள், ஜாக்கெட்டில் பொருத்திய இரண்டு சிறிய சிலிண்டர்கள் வரையும் உதிரியாக இரண்டு வரையும் அனுமதிக்கின்றன, ஆனால் விமான நிறுவனத்தின் ஒப்புதலோடு. டிக்கெட் எடுத்ததும் கேட்டு, ஒப்புதலை எழுத்தில் வாங்கி, அச்சிட்டு ஜாக்கெட்டோடு வையுங்கள். சோதனை மேடையில் நிற்பவருக்கு அது ஒரு வாயு சிலிண்டராக மட்டுமே தெரியும். எடுத்து வைக்கச் சொன்னால் விவாதிக்க நேரம் இருக்காது. போய்ச் சேர்ந்ததும் பையைத் திறந்து, பயணத்துக்காகக் கழற்றிய சிலிண்டரைத் திரும்பத் திருகி இறுக்குங்கள்.